செம்பில்லாத கல் சொன்ன சேதி: மான்ஸ்ஃபெல்ட் – லூபின் செம்புப் படிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு செலவு வழமையானது: குளிரூட்டியின் வெளிப்பெட்டி. எங்கள் மூன்றாம் மாடி வீட்டுப் பெட்டி நாலாவது வருடத்திலேயே வாயுவைக் கசியவிட்டது. பழுதுபார்க்க வந்த இளைஞர் மூடியைக் கழற்றிக் காட்டினார். கடலைப் பார்த்த பக்கத்துச் செப்புக் குழாய்களில் பச்சைப் பூச்சு. விரல் பட்டால் மாவாக உதிர்ந்தது. சுவரைப் பார்த்த பக்கமோ ஏறத்தாழப் புதிதாகவே இருந்தது. "உப்புக் காற்று, அண்ணை. பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரைக்கும் இதுதான் எனக்குச் சோறு போடுகிறது" என்றார்.

அந்தப் பச்சை மாவைக் கொஞ்சம் கடுதாசியில் மடித்து உயர்தர இரசாயனவியல் வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு மாணவி கேட்டாள்: "சேர், மின்னிரசாயனத் தொடரில் செம்பு ஐதரசனுக்குக் கீழே இருக்கிறது. தண்ணீரோடு தாக்கமே புரியாது. அப்படியானால் பூமிக்குள் அது எப்படிக் கரைந்து, நடந்து, ஓர் இடத்தில் சேர்ந்தது?"

நல்ல கேள்வி. உலகின் செம்பில் பெரும்பகுதி எரிமலை வேர்களில் பிறந்தது. அதற்குச் சூடான மாக்மாவைக் காரணம் காட்டித் தப்பிக்கலாம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டும் அப்படியல்ல. மணலும் சேறும் படிந்து உண்டான அடையற் பாறைகளுக்குள், எரிமலையின் துணையில்லாமல், சமையல் அடுப்பின் சூட்டைக்கூட எட்டாத தண்ணீர் கொண்டுவந்து வைத்தது அது. மாணவிக்குச் சொன்ன பதில் நீண்டு போனதால், ஒரேயொரு படிவை எடுத்து முழுமையாக எழுதுகிறேன்.

படிவு

ஜேர்மன் மொழியில் அதன் பெயர் குப்பர்ஷீஃபர். "செம்புப் பலகைக்கல்" என்று சொல்லலாம். ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன், பேர்மியன் காலத்தின் பிற்பகுதியில், இன்றைய வட ஐரோப்பாவின் வறண்ட பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்தது. புகுந்த கடலின் அடியில் ஒட்சிசன் இல்லை. அங்கே படிந்த கரிய சேறுதான் இந்தப் பாறை. வட இங்கிலாந்தின் ஓரம் தொட்டுப் போலந்து வரை, ஏறத்தாழ 6 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பில், இலங்கையைப் போல் ஒன்பது மடங்கு இடத்தில் விரிந்து கிடக்கிறது. தடிப்பைக் கேட்டால்தான் வியப்பு: பெரும்பாலான இடங்களில் முழங்கால் உயரம் கூட வராது.

அந்த மெல்லிய பாறைக்காக மனிதர்கள் பட்ட பாடு பெரிது. மரபுக் கணக்குப்படி ஜேர்மனியின் மான்ஸ்ஃபெல்ட் வட்டாரத்தில் 1199 தொடக்கம் 1990 வரை சுரங்கம் நடந்திருக்கிறது. பாறை மெல்லியது என்பதால் சுரங்கமும் மெல்லியதாகவே இருந்தது. தொழிலாளி ஒரு பக்கமாகச் சரிந்து படுத்து, தொடையிலும் தோளிலும் மரப்பலகை கட்டிக்கொண்டு, தவழ்ந்தபடியே கல்லுடைத்தான். அவர்களுக்கு "வளைகழுத்தர்" என்றே பெயர் இருந்தது. மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் தந்தை இங்கே செம்பு உருக்கும் தொழிலில் இருந்தவர். இத்தனை நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 10 கோடியே 90 இலட்சம் தொன் கல்லிலிருந்து 26 இலட்சம் தொன் செம்பும் 14,000 தொன்னுக்கு மேல் வெள்ளியும் எடுத்திருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் தொன்னுக்கு 24 கிலோ செம்பு. சாதாரண மணற்கல்லில் தொன்னுக்கு 20, 30 கிராம் இருந்தால் பெரிது. ஆக, ஆயிரம் மடங்கு செறிவு.

போலந்துப் பக்கத்தின் கதை பிந்தியது. 1957இல் யான் விஷிகோவ்ஸ்கி என்ற புவிச்சரிதவியலாளர் தென்மேற்குப் போலந்தில் துளையிட்டு அதே படுகையை ஆழத்தில் கண்டார். இன்று லூபின், ருட்னா, பொல்கோவிட்சே சுரங்கங்கள் நிலத்துக்கு அடியில் ஆயிரம் மீற்றரையும் தாண்டி இறங்குகின்றன. செம்போடு கூட வரும் வெள்ளியாலேயே அந்த நாடு உலக வெள்ளி உற்பத்தியில் முன்வரிசையில் நிற்கிறது.

இனி வில்லங்கத்துக்கு வருவோம். 6 இலட்சம் சதுர கிலோமீற்றரிலும் அதே கரிய சேறுதான். ஆனால் தோண்டிக் கட்டுபடியாகும் அளவுக்குச் செம்பு இருப்பது மிகச் சிறிய துண்டுகளில் மட்டுமே. ஏன் அங்கே மட்டும்?

கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்

இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை எளிமையானது. கடல்நீரிலேயே செம்பு இருந்தது. அடித்தளத்துச் சேற்றில் கந்தகம் இருந்தது. சேறு படியும்போதே செம்பும் படிந்தது. பாறையும் தாதும் ஒரே நாளில் பிறந்தன. ஒரே மட்டத்தில் கோடு கிழித்தாற்போல் நீளும் படுகையைப் பார்த்தவர்களுக்கு வேறு எண்ணம் வருவது கடினம். நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அடுக்கு மாறாமல் போகும் ஒன்றைப் பின்னால் வந்த தண்ணீர் செய்தது என்று யார் நம்புவார்?

அந்த விளக்கத்தில் நான் குறை காண்பது ஒன்றைத்தான். எல்லோரும் கரிய கல்லையே பார்த்தார்கள். அதில்தான் காசு இருந்தது. ஆனால் மான்ஸ்ஃபெல்ட் தொழிலாளிகள் நெடுநாளாகவே இன்னொரு கல்லை அறிந்திருந்தார்கள். அதைக் கண்டால் ஏசிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கரிய படுகை திடீரென்று செங்காவியாக நிறம் மாறும். அதற்குள் ஒரு சல்லிக்குச் செம்பு இராது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "ரோட்ட ஃபொய்ல". சிவப்பு அழுகல்.

பின்னாளில் இந்தச் சிவப்பை ஒழுங்காக வரைபடத்தில் ஏற்றியபோது இரண்டு விடயங்கள் வெளிப்பட்டன. முதலாவது, சிவப்பு எல்லை படுகையின் அடுக்குக்குக் கட்டுப்படவில்லை. கீழேயுள்ள மணற்கல்லிலிருந்து சரிவாக ஏறி, கரிய படுகையைக் குறுக்கே வெட்டி, சில இடங்களில் மேலேயுள்ள சுண்ணாம்புக்கல்லுக்குள்ளும் போகிறது. படியும்போதே உண்டானது என்றால் அடுக்கை வெட்டாது. இரண்டாவது, செம்பு மிகச் செறிந்த இடங்கள் எல்லாம் இந்தச் சிவப்பின் விளிம்பை ஒட்டியே இருந்தன. சேலைக்குக் கரை போல.

விளிம்பிலிருந்து வெளியே நடந்தால் கனிமங்கள் ஒரு வரிசையில் மாறுகின்றன. சிவப்புக்குள் ஹெமற்றைட்டு, அதாவது இரும்பு ஒட்சைட்டு. அதைத் தாண்டியதும் செம்பு மிகுந்த சால்கோசைட்டு, அதாவது செம்புச் சல்பைட்டு. பிறகு இரும்பும் கலந்த போனைட்டு. பிறகு செம்பு குறைந்து இரும்பு கூடிய சால்கோபைரைட்டு. அதற்கும் அப்பால் ஈயச் சல்பைட்டு, பின் நாகச் (துத்தநாகச்) சல்பைட்டு, கடைசியில் வெறும் பைரைட்டு, அதாவது இரும்புச் சல்பைட்டு. சல்பைட்டாக மிக எளிதில் வீழ்படிவாகும் செம்பு முதலில் விழ, ஈயமும் நாகமும் இன்னும் கொஞ்சம் தூரம் பயணம் செய்திருக்கின்றன. பண்பறி பகுப்பாய்வு செய்த எந்த மாணவனுக்கும் இந்த வரிசை பழக்கமானது. இங்கே பரிசோதனைக் குழாயின் நீளம்தான் கிலோமீற்றர்.

சிவப்பு, தண்ணீர் நுழைந்து வந்த பாதை. அது போன வழியெங்கும் சேற்றின் கரிமத்தையும் பைரைட்டையும் ஒட்சியேற்றித் தின்றுகொண்டே போயிருக்கிறது. தின்ன முடியாமல் நின்ற இடத்தில் சுமையை இறக்கியிருக்கிறது.

சுமை தூக்கியது உப்பு

கரிய படுகைக்குக் கீழே இருப்பது செந்நிற மணற்கல். பாலைவனக் காற்றும் எப்போதாவது வந்த வெள்ளமும் கொட்டிய மணல், சரளை, பழைய எரிமலைப் பாறைகளின் தூள். அந்த மணல்மணிகளின் மேல் துருப் படலம் உண்டு. துருப் படலத்தில் செம்பு சிறிதளவு ஒட்டியிருக்கும். துரு காலப்போக்கில் இறுகி ஹெமற்றைட்டாக மாறும்போது அந்தச் செம்பைக் கைவிடும். கைவிட்டதை யார் எடுத்துப்போவது? நல்ல தண்ணீரால் முடியாது. அந்த இடத்தில் என் மாணவி சொன்னது சரி.

உப்புநீரால் முடியும். அம்மா செம்புக் குடத்தைப் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பார். கறுத்த ஒட்சைட்டைக் கரைப்பது புளியின் அமிலம்தான்; ஆனால் கரைந்து வந்த செம்பைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஒட்டவிடாமல் வைப்பதில் உப்பின் குளோரைட்டுக்குப் பங்குண்டு. மண்ணுக்கடியில் நடப்பதும் இதற்கு உறவுதான். ஒற்றை மின்னேற்றமுள்ள செம்பு அயனை இரண்டு, மூன்று குளோரைட்டு அயன்கள் சூழ்ந்து ஒரு சிக்கலயனாகக் கட்டிவிடுகின்றன. 1976இல் ஆர்தர் ரோஸ் என்ற புவியிரசாயனவியலாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: செந்நிறப் படிவுகளோடு சமநிலையில் இருக்கும் உப்புநீர், கடும் அமிலமோ கடும் சூடோ இல்லாமலே, செம்பைக் குறிப்பிடத்தக்க அளவில் சுமக்கும். நிபந்தனை இரண்டு. நீரில் குளோரைட்டு தாராளமாக வேண்டும். சல்பைட்டு இருக்கவே கூடாது. சல்பைட்டு துளி இருந்தாலும் செம்பு அங்கேயே விழுந்துவிடும்.

உப்புக்குப் பஞ்சமில்லை. குப்பர்ஷீஃபருக்கு மேலே அதே கடல் வற்றிப்போய் விட்டுச்சென்ற உப்புப் படுகைகள் பல நூறு மீற்றர் தடிப்பில் கிடக்கின்றன. அவை இரண்டு வேலை பார்த்தன: கீழே இறங்கிய நீரை உப்பாக்கின; மேலே தப்பப் பார்த்த நீரை மூடிபோட்டு மறித்தன.

அந்த உப்புநீர் கடல் வற்றி மிஞ்சியதா, பிறகு உப்புக்கல் கரைந்து உண்டானதா என்பதையும் கண்டுபிடிக்கலாம். ஆனையிறவு உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். முதல் பாத்தியில் சுண்ணாம்பு, அடுத்ததில் ஜிப்சம், அதற்கடுத்ததில் கறியுப்பு. உப்பு பளிங்காகும்போது புரோமைட்டை உள்ளே விடாது. அது எஞ்சிய தாய்த்திராவகத்தில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே புரோமைட்டு மிகுந்த நீர் என்றால் அது வற்றிய கடலின் மிச்சம். புரோமைட்டு மெலிந்த நீர் என்றால் உப்புக்கல்லைக் கரைத்தது. உப்பளக் கேள்வியை மூன்று புள்ளிக்காக மனப்பாடம் செய்கிற பிள்ளைகளுக்கு இது எங்கே போய் உதவுகிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஒரு துளி

இதெல்லாம் நடந்த தண்ணீரின் மாதிரி நம்மிடம் இருக்கிறதா? இருக்கிறது. குவாட்சும் கல்சைட்டும் வளரும்போது தம்மைச் சூழ்ந்த நீரில் சொட்டுச் சொட்டாகச் சிறைப்பிடிக்கும். மயிரிழையின் தடிப்பில் சிறு பங்கே வரும் துளிகள். சூட்டில் சிறைப்பட்ட நீர் ஆறியதும் சுருங்கும்; சுருங்கிய இடத்தில் ஒரு குமிழி தோன்றும். கல்லை மெல்லிய தகடாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், மட்டக்கோலில் ஓடும் குமிழி போலவே அது நடுங்கிக்கொண்டிருப்பதைச் சில துளிகளில் காணலாம். தகட்டைச் சூடாக்குங்கள். குமிழி சிறுத்துச் சிறுத்து ஒரு கணத்தில் இல்லாமல் போகும். அந்த வெப்பநிலைக்குக் குறையாத சூட்டில்தான் அந்த நீர் அடைபட்டது. ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1858இலேயே இந்த உத்தியை எழுதிவிட்டார்.

பிறகு குளிர வையுங்கள். கடல்நீர் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 1.9 பாகையில் உறையும். கறியுப்பு தெவிட்டிய நீரோ −21.2 பாகை செல்சியஸ் வரை தாங்கும். கல்சியம் குளோரைட்டும் சேர்ந்திருந்தால் −50 பாகைக்குப் பக்கத்திலேயே முதல் துளி உருகத் தொடங்கும். இப்படிப்பட்ட படிவுகளின் துளிகள் பொதுவாகச் சொல்வது: கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு, வெப்பம் பெரும்பாலும் 200 பாகைக்குள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கரிய படுகை மிக நுண்ணிய களி. அதற்குள் இப்படித் துளி பிடிக்கும் பளிங்குகள் அரிது. அளக்கப்படும் துளிகள் பெரும்பாலும் பக்கத்து நாளங்களிலிருந்து, அதாவது பாறை வெடிப்புகளில் கனிமம் நிரம்பிய கோடுகளிலிருந்து, வருகின்றன. நாளம் தாதுக்குப் பிறகும் வந்திருக்கலாம். துளியை அளந்தவர் எந்தத் துளி என்று சொல்லாவிட்டால் அளவை ஒதுக்கிவிடுவது நல்லது.

எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும்? கன மீற்றருக்கு 100 கிராம் செம்பு சுமந்தது, அத்தனையையும் இறக்கியது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மான்ஸ்ஃபெல்டில் எடுத்த 26 இலட்சம் தொன்னுக்கு 26 கன கிலோமீற்றர் நீர். கொழும்பின் பேரை வாவி 65 ஹெக்டேயர், சராசரி ஆழம் 2 மீற்றர் என்று கொண்டால், அதைப்போல் 20,000 வாவிகள். மறுபக்கம், மணற்கல் தொன்னுக்கு 12 கிராம் செம்பை மட்டும் விட்டுக்கொடுத்தால் 90 கன கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த பாறை போதும். பெரிய ஒரு படிவு வடிநிலத்துக்கு இது ஒன்றுமேயில்லை. அருமையான செம்புச் சுரங்கம் உண்டாக அருமையான செம்புப் பாறை தேவைப்படவில்லை. தண்ணீருக்கு வேண்டியது வழியும், நேரமும், கடைசியில் ஒரு முட்டுச்சுவரும்தான்.

முட்டுச்சுவர்

அந்தச் சுவரைக் கொழும்பிலேயே முகரலாம். வறட்சி மாதத்தில் வெள்ளவத்தைக் கால்வாயின் நீர் இறங்கும்போது வரும் கூழ்முட்டை வாடை, ஒட்சிசன் இல்லாத சேற்றில் பற்றீரியாக்கள் சல்பேற்றைத் தாழ்த்தி விடும் ஐதரசன் சல்பைட்டு. வகுப்பில் ஒரு ஊறுகாய்ப் போத்தலில் அந்தச் சேற்றை நிரப்பி, உப்புத்தாளால் மினுக்கிய செப்புத் தகடு ஒன்றைப் பாதி புதைத்து மூடி வைத்தோம். நாலாம் நாள் புதைந்த பாதி கரிக்கட்டை போல் கறுத்துவிட்டது. மேல் பாதி மங்கியது, அவ்வளவே. கோடு நேராகச் சேற்றின் மட்டத்தில் இருந்தது. (போத்தலைத் திறந்த அன்று பக்கத்து வகுப்பிலிருந்து முறைப்பாடு வந்தது, அது வேறு கதை.)

குப்பர்ஷீஃபர் சேற்றிலும் இதே பற்றீரியாக்களின் கையொப்பம் இருக்கிறது. அவை இலேசான கந்தகச் சமதானியையே, அதாவது நிறை குறைந்த கந்தக அணுக்களையே, விரும்பி எடுக்கும். அங்குள்ள செம்புச் சல்பைட்டுகளின் கந்தகத்தில் பாரமான அணுக்கள் நியம அளவைவிட ஆயிரத்துக்கு 30, 40 பங்கு குறைவு. சேறு சேறாக இருந்த நாளிலேயே கந்தகம் அங்கே தயாராகிவிட்டது என்பதற்கு இது சான்று. கடலே செம்பைக் கொண்டுவந்தது என்றவர்கள் இதையே தங்களுக்கும் சான்றாகக் காட்டினார்கள். அதில்தான் வழுக்கினார்கள். கந்தகத்தின் வயது செம்பின் வயது ஆகாது.

நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இது கண்ணாலேயே தெரியும். அந்தச் சேற்றில் பைரைட்டு நுண்ணிய உருண்டைகளாக இருக்கும். ஒவ்வோர் உருண்டையும் இன்னும் நுண்ணிய மணிகள் நெருங்கி ஒட்டியது, அன்னமுன்னாப் பழத்தின் தோல் போல. தாதுப் பகுதியில் அதே அன்னமுன்னா வடிவம், அதே மணிகள். ஆனால் பைரைட்டு இல்லை. செம்புச் சல்பைட்டு அந்த வடிவத்துக்குள் குடிபுகுந்திருக்கிறது. வீடு பழையது, குடியிருப்பவர் புதியவர்.

அமெரிக்காவின் மிச்சிகனில் வைற் பைன் சுரங்கமும் இப்படித்தான் பேசுகிறது. அது குப்பர்ஷீஃபரைவிட நான்கு மடங்கு பழையது, நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். அங்கும் பைரைட்டைச் சால்கோசைட்டு இடம்பெயர்த்த எல்லை, அடுக்கைச் சரிவாக வெட்டுகிறது. 1995இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தின் சுவர்களில் கச்சா எண்ணெயும் கசிந்தது. சாம்பியா – கொங்கோ செம்புப் பட்டியில் கோபாற்றும் கூட வரும். அங்கே முட்டுச்சுவர் எப்போதும் கரிய களிப்பாறையாக இருப்பதில்லை. 2008இல் வெளிப்பட்ட கமோவாப் படிவில் பனியாறு தள்ளிய கூழாங்கல் கலவைப் பாறையே தாதைத் தாங்குகிறது. முட்டுச்சுவரின் நிறத்தை வைத்துத் தேடியவர்கள் அதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

எப்போது?

இதற்கும் சாட்சி சிவப்புக் கல்தான். ஹெமற்றைட்டு பளிங்காகும்போது அன்றைய பூமியின் காந்தத் திசையைப் பதிந்துகொள்ளும். கண்டங்கள் நகர்வதால், பதிந்த திசையைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். போலந்தின் சிவப்பு அழுகலை இப்படி அளந்தவர்கள் 1987இல் வெளியிட்ட முடிவு: பேர்மியனுக்கு அடுத்து வந்த திரியாசிக் காலத்தின் நடுப்பகுதி. பின்னர் ஜேர்மனியின் சாங்கர்ஹௌசன் கல்லில் அளந்தபோது ஏறத்தாழ 14 கோடியே 90 இலட்சம் ஆண்டு வந்தது. அது ஜுராசிக் காலத்தின் பிற்பகுதி. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. ஒரே வடிநிலத்தில் தண்ணீர் ஒரே தடவைதான் நடக்க வேண்டும் என்று விதியில்லை. இரண்டுமே பாறையைவிட இளையவை.

"அப்போது நமக்கு?"

வகுப்பில் இந்தக் கேள்வி வராமல் போகாது. திருகோணமலை மாவட்டத்தில் சேருவில இருக்கிறது. 1971இல் கண்டறியப்பட்ட செம்பு – இரும்புப் படிவு, மக்னற்றைட்டும் சால்கோபைரைட்டும். ஆனால் அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. உயர்நிலத் தொகுதியும் வன்னித் தொகுதியும் விஜயன் தொகுதியுமாக இத்தீவின் பத்தில் ஒன்பது பங்கு உருமாறிய பாறை. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து மீண்டவை. சேருவில கிடப்பது உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையில். அந்த வேக்காட்டுக்கு முன் இங்கே செந்நிற மணலும் உப்பும் கரிய சேறும் அடுக்கடுக்காக இருந்திருந்தாலும், நடுங்கும் குமிழியோடு ஒரு துளிகூட மிஞ்சியிருக்காது.

அடையற் பாறை தடிப்பாக இருப்பது மன்னார்க் கடலுக்கு அடியில். அங்கே 2011இல் இயற்கை வாயு கண்டார்கள். துளையிட்டவர்கள் தேடியது வாயுவை. செம்பையல்ல. நான் கேட்பதெல்லாம், மேலே எடுத்த துளைத்தூளில் சிவப்பாக ஏதும் இருந்ததா, இருந்தால் அது அடுக்கோடு போகிறதா, அடுக்கை வெட்டுகிறதா என்பதுதான். மாணவி அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பச்சை மாவு மடித்த கடுதாசி இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது.